நாங்கள் நெற்றியில் பூசிக்கொண்ட ஆராய்ச்சி

1

அன்று காலை எட்டு மணிக்கு வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான். என் வீட்டுக்காரர் மணியம். பண்டார் பாருவிலிருந்து முந்தின நாளே வந்து தங்கியிருந்த அவருடைய அக்கா சரோஜா. பின்வாசல் வழியாக ஏலக்காய் கேட்டு வந்த பக்கத்து வீட்டு எலிசபெத் அக்கா. மாடியில் போர்வையை இழுத்து மூடித் தூங்கிக்கொண்டிருந்த என் மகள் ஷாமினி.

இதை முதலில் எழுதுவதற்குக் காரணம், அன்று மத்தியானம் ஷாமினி நோட்டை விரித்துவைத்துக்கொண்டு என்னிடம் கேட்ட முதல் கேள்வியே அதுதான். ஒருத்தர் விடாமல் சொல்லச் சொன்னாள். திருட்டு விசாரிக்க வந்தவள்போல நேரம் வாரியாக எழுதிக்கொண்டாள்.

நான் இந்த நாட்டில் கால் வைத்து இருபத்தேழு வருடம் நிறைந்த நாள் அது. கல்யாண நாள்கூட எனக்கு முன்னே பின்னே ஆகிவிடும். இந்தத் தேதி தவறாது. வந்து இறங்கிய அன்று விமான நிலையத்தில் என் பெட்டி வரவில்லை. சுற்றிச் சுற்றி வந்த வார்ப்பட்டையைப் பார்த்துக்கொண்டே, பெட்டி வந்து சேர்ந்தால் வருசா வருசம் இந்த நாளில் பொங்கல் வைக்கிறேன் என்று முருகனிடம் சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் பெட்டி வந்தது. இத்தனை வருடம் என்று ஒரு கணக்குச் சொல்லாமல் வேண்டிக்கொண்டதால் நிறுத்தப் பயமாக இருக்கிறது. இன்னும் வைக்கிறேன்.

எங்கள் வீடு சுங்கைப் பட்டாணியில், பாக்கார் ஆராங்கில், வரிசை வீடுகளில் ஒன்று. மாடிப்படிக்கு அடியில் சாமி அலமாரி. விளக்கேற்றிவிட்டுத் திருநீற்றுக் கிண்ணத்தைப் பார்த்தால் அடியில் ஒரு சிட்டிகைதான் கிடந்தது. முருகன் படத்துக்கு முன்னால் வெற்றிலை மேல் ஒரு பொட்டலம் இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் வேலை முடிந்ததும் வீட்டுக்காரர் ஜெராய் மலையடிவாரத்தில் ஒரு கோயிலுக்குப் போய்த் திருநீறு வாங்கி வருவார். எப்போதும் பழைய மலாய்ப் பத்திரிகைத் துண்டில் மடித்திருக்கும். இது வழுவழுப்பான வெள்ளைக் காகிதம். மடிப்பும் நூல் பிடித்த மாதிரி இருந்தது. கோயிலும் முன்னேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பிரித்தால், அப்படி ஒரு வெள்ளை. ஒரு தேக்கரண்டி அளவுதான் இருக்கும். விரலால் தொட்டால் தொட்டதே தெரியவில்லை. சரோஜா அக்கா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். இந்த ஊர் வழக்கப்படி எதிலும் ஒரு 'லா' சேர்த்துப் பேசுவார்.

"இது நல்ல விபூதிலா. மாவு மாதிரி இருக்கு. எனக்குக் கொஞ்சம் வச்சிக் குடு, வீட்டுக்குக் கொண்டு போறேன்."

அப்படியே செய்தேன். முக்கால்வாசியைக் கிண்ணத்தில் கொட்டினேன். மிச்சத்தை அதே காகிதத்தில் அதே மடிப்பில் மடித்து அவரிடம் கொடுத்தேன். அவர் கைப்பையின் உள் ஜிப்பில் பத்திரப்படுத்தினார். வீட்டுக்காரருக்குப் பூசினேன், சரோஜா அக்காவுக்குப் பூசினேன், நானும் பூசித் தாலியிலும் தொட்டுவைத்தேன். எலிசபெத் அக்காவிடம் கிண்ணத்தை நீட்டவில்லை. அவர் சிரித்துக்கொண்டே, தங்களுக்கு வருசத்தில் ஒரு நாள், சாம்பல் புதனன்று மட்டும்தான் நெற்றியில் சாம்பல் என்றும் பொங்கலுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை என்றும் சொன்னார். அதே கையால் ஒரு கிண்ணம் பொங்கலும் ஏலக்காயும் எடுத்துக் கொடுத்தேன். பிறகு மாடிக்குப் போய், தூங்கும் ஷாமினியின் நெற்றியில் ஒரு சிட்டிகை. விழித்திருந்தால் விடமாட்டாள். முகத்தில் கிரீம் போட்டிருப்பதாகச் சொல்வாள்.

ஒன்பது மணிக்கு சரோஜா அக்காவின் மகன் காரைக் கொண்டுவந்து அவரை அழைத்துப் போனான். நான் பாத்திரம் தேய்க்கப் போனேன். இவ்வளவுதான் நான் செய்தது.

2

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தாராபுரம் பக்கம் எனக்கு. எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அப்பாவுக்குக் கால் போன வருடம் அது. அதற்குப் பிறகு கல்யாணம் வரைக்கும் ஓர் அரிசி ஆலையில் வேலை. நெல் அவிக்கும் அடுப்புக்கு உமி தள்ளும் பக்கம் என்னைப் போட்டிருந்தார்கள். கூடை கூடையாக அள்ளிக் கொட்டுவோம். சாயங்காலம் தலையில், காதில், ரவிக்கைக்குள் எல்லாம் உமி. எரிந்து மிஞ்சிய சாம்பலை என்ன செய்வது என்று முதலாளிக்கே தெரியாது. ரோட்டோரம் கொட்டினால் காற்றில் பறந்து பஸ்ஸில் போகிறவர்கள் திட்டுவார்கள். அதனால் மழை வரும் நாளாகப் பார்த்துக் கொட்டச் சொல்வார்.

எனக்குப் பயம் கூடவே பிறந்தது. கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ஆள் நான். இந்த நாட்டுக்கு வந்த பிறகு அதற்கு நன்றாகத் தீனி கிடைத்தது. குடியுரிமை உள்ளவரின் மனைவி என்று வருடா வருடம் விசா புதுப்பிக்க வேண்டும். ஒரு முறை குடிநுழைவு அலுவலகத்தில் வீட்டுக்காரர் நகல் எடுக்க வெளியே போயிருந்தார். கவுண்டரில் இருந்த அதிகாரி மலாயில் ஏதோ கேட்டார். 'செராய்' என்ற ஒரு சொல் மட்டும் காதில் விழுந்தது. எங்கள் பக்கத்தில் 'சரி' என்பதைச் 'செரி' என்போம். அவரும் அதைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, மரியாதையாகத் தலையை ஆட்டி, "செரி, செரி" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். மலாயில் 'செராய்' என்றால் விவாகரத்து. விவாகரத்து ஆகிவிட்டதா என்று அவர் கேட்க, நான் இரண்டு தடவை ஆமாம் போட்டிருக்கிறேன். நகலோடு திரும்பி வந்த வீட்டுக்காரரிடம் இனி இந்த விசாவுக்கு வழியில்லை என்று அதிகாரி வருத்தமாகச் சொன்னாராம். இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஏதாவது சண்டை வந்தால், கடைசியில் வீட்டுக்காரர் "செரியா?" என்பார். எனக்குச் சிரிப்பு வந்துவிடும், சண்டை போய்விடும்.

இப்படிப்பட்டவளுக்குப் பல்கலைக்கழக விடுதியில் தங்கி விஞ்ஞானம் படிக்கிற மகள். என்ன படிக்கிறாய் என்று கேட்டால் முதலில் மலாயும் இங்கிலீஷுமாகச் சொல்வாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு வருவாள். பாதியில் அவளுக்குத் தமிழ் தீர்ந்துவிடும், எனக்குப் பொறுமை தீர்ந்துவிடும். சாப்பிட்டாயா என்பதில் பேச்சு முடியும். இந்த ஊரில் அதைப் பசியாறிட்டியா என்று அழகாகக் கேட்பார்கள். நாலு வருடமாக நாங்கள் ஒருவரையொருவர் அதை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

3

பதினொரு மணிக்கு ஷாமினி இறங்கி வந்தாள். சமையல்கட்டுக்கு வரவில்லை, நேராகச் சாமி அலமாரி முன் போய் நின்றாள்.

"மா, வெத்தல மேல ஒரு பேப்பர் இருந்துச்சே?"

"திருநீறா கண்ணு? கிண்ணத்துல கொட்டிட்டேன்."

அவள் கத்தவில்லை. மாடிப்படியில் மெதுவாக உட்கார்ந்தாள்.

அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். யான் என்ற ஊரில் ஓர் அரிசி ஆலையிலிருந்து உமி வாங்கி வந்து, கழுவி, பிரஷர் குக்கர் மாதிரி ஓர் இரும்புக் குடுவையில் வேகவைத்து, உலையில் மெல்லச் சூடேற்றி எடுத்த தூள் அது. உமியில் மணலின் சத்து இருக்கிறதாம். நெல், மண்ணிலிருந்து உறிஞ்சித் தன் மேல்தோலில் சேர்த்துவைக்கிறதாம். அந்த மணல் சத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத கரிப்புள்ளிகள் சிக்கி நிற்கும். எவ்வளவு சின்னது என்று கேட்டேன். என் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி, இதன் தடிமனுக்குக் குறுக்கே ஆயிரக்கணக்கில் வரிசையாக உட்கார வைக்கலாம் என்றாள். அவ்வளவு சின்னதாகிவிட்டால் கரி கரியாக நடந்துகொள்ளாதாம். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தைக் குடித்துவிட்டு, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமாகத் திருப்பிக் கொடுக்குமாம். ஜன்னல் கண்ணாடியில் அதைத் தடவிவைத்தால், வெயிலில் நமக்குப் பயன்படாத பகுதியை அது பிடித்து வெளிச்சமாக்கிக் கண்ணாடியின் ஓரத்துக்கு அனுப்பும். ஓரத்தில் மெல்லிய சோலார் பட்டை இருந்தால் அங்கே மின்சாரம் வரும். ஜன்னல் வழியாக வெளியே பார்க்கவும் செய்யலாம்.

ஆறு தடவை செய்து ஆறும் மங்கல். ஏழாவதுதான் பிரகாசமாக வந்தது. எவ்வளவு பிரகாசம் என்று அளக்கிற கருவி கூலிம் என்ற ஊரில் ஓர் ஆய்வகத்தில் இருக்கிறது. மூன்று மாதம் காத்திருந்து திங்கட்கிழமைக்கு, அதாவது மறுநாளைக்கு, நேரம் கிடைத்திருந்தது. அந்த அளவு அந்த வார அறிக்கையில் போனால்தான் அடுத்த வருடத்து உதவித்தொகை. இல்லாவிட்டால் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் தொழிற்சாலையில் வேலை தேட வேண்டும்.

படிப்பு பாதியில் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வாயில் முதலில் வந்தது வேறு கேள்வி. எல்லோருக்கும் பூசிவிட்டேனே, விஷமா என்று கேட்டேன். தோலுக்கு ஒன்றும் ஆகாது, மூச்சில் இழுக்காமல் ஈரத்துணியால் துடைத்துவிட்டால் போதும் என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, தப்பு தன்னுடையது என்றாள். பேர் ஒட்டிய பிளாஸ்டிக் உறை அவளுடைய பைக்குள்ளேயே இருந்தது. பொட்டலத்தை மட்டும் வெளியே எடுத்து வைத்திருக்கிறாள்.

வீட்டுக்காரர் கேட்டார்: "அத ஏன் அங்க கொண்டு போயி வச்ச?"

ஷாமினி வெற்றிலையைப் பார்த்தாள்.

"மெஷின்ல வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு நாள் அங்க இருக்கட்டும்னு வச்சேன்."

வீட்டுக்காரர் சாவியைத் தேடுவதுபோல் கூடத்துக்குப் போய்விட்டார். சாவி அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. கோயிலுக்குக் கூப்பிட்டால் வராத பெண் இவள். எங்களுக்குத் தெரியாமல் எப்போது போய் அங்கே நின்றாள் என்று நான் நினைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பையிலிருந்து ஒரு சின்ன டார்ச் எடுத்தாள். கடையில் நோட்டு கள்ளநோட்டா என்று பார்ப்பார்களே, அந்த மாதிரி ஊதா வெளிச்சம். ஜன்னல் திரைகளை எல்லாம் இழுத்துவிடச் சொன்னாள். நேராக டார்ச்சைப் பார்க்கக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னாள். எனக்கு அதுவே போதும். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"மா, கண்ணத் திறங்க. என்னய பாக்காதீங்க. அப்பாவப் பாருங்க."

திறந்தேன். வெளியே பட்டப்பகல். வீட்டுக்குள் மங்கலான இருட்டு. அந்த இருட்டில் என் வீட்டுக்காரரின் நெற்றியில் மூன்று கோடுகள் தனியாக மிதந்தன. மயில்கழுத்துப் பட்டு இருக்கிறதே, பச்சையும் நீலமும் ஒன்றுக்குள் ஒன்று ஓடுகிற நிறம், அந்த நிறத்தில் எரிந்தன. எரியவும் இல்லை, நெருப்பென்றால் அசையும், இது அசையாமல் நின்றது. நான் மூன்று விரலால் இழுத்த கோடு அது. மோதிர விரல் கொஞ்சம் தாழ்ந்து போயிருந்தது. என் ரேகை வரிகூட அதில் தெரிந்தது.

ஷாமினி டார்ச்சைத் திருப்பினாள். கிண்ணத்தின் விளிம்பு. முருகன் படத்தின் சட்டம். மாடிப்படிக் கைப்பிடியில் ஒரு சாண் இடைவெளி விட்டு ஒவ்வொரு புள்ளி. நான் பிடித்துக்கொண்டு ஏறிய இடங்கள். விளக்குச் சுவிட்சு. ஏலக்காய் டப்பாவின் மூடி. என் கழுத்தில் தாலி. குனிந்து பார்த்தேன், மஞ்சள் கயிற்றின் நடுவில் தாலி மட்டும் பச்சைத் துண்டாக ஒளிர்ந்தது. காலையிலிருந்து நான் எங்கெல்லாம் போனேன், எதையெல்லாம் தொட்டேன் என்று வீடு முழுவதும் எழுதியிருந்தது. எழுபது கூடை, எண்பது கூடை என்று அள்ளிக் கொட்டிய உமிக்குள் இதுவா இருந்தது என்று நினைத்தேன். தலையிலிருந்து தட்டித் தட்டி விட்டோமே, அதற்குள்ளா?

பின்கதவுக் கைப்பிடியிலும் ஒரு புள்ளி. அது எலிசபெத் அக்காவுடையது. அவரைக் கூப்பிட்டுக் கையை நீட்டச் சொன்னோம். பொங்கல் கிண்ணம் வாங்கிய நாலு விரல் நுனியும் ஒளிர்ந்தன. அவர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். அப்படிப் போட்டதில் நெற்றியிலும் ஒரு துளி ஒட்டிவிட்டது. ஷாமினி சொன்னதும், இந்த வருசம் தனக்கு இரண்டு நாள் சாம்பல் என்று அவரே சிரித்தார்.

கடைசியாக ஷாமினி கூடத்துக் கண்ணாடி முன் நின்று டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தாள். அவள் நெற்றியில், புருவத்துக்கு மேல், ஒரு விரல் அகலத்துக்கு. நான் தூக்கத்தில் வைத்தது. அவளுக்கு அதுவரை தெரியாது. கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"தினம் வைக்கிறீங்களா?"

"வீட்டுக்கு வர்ற அன்னைக்கெல்லாம்."

அவள் கண்ணாடியிலிருந்து திரும்பினாள். நோட்டை எடுத்துவந்து, யார் யார் இருந்தார்கள், யார் எதைத் தொட்டார்கள் என்று கேட்டாள். கிண்ணத்தில் இருப்பது பழைய திருநீற்றோடு கலந்துவிட்டதால் அளக்க உதவாது. சொல்லிக்கொண்டே வந்து சரோஜா அக்காவுக்கு மடித்துக் கொடுத்தேன் என்றதும் அவள் பேனா நின்றது. கொட்டுவதற்கு முன்னாலா, பின்னாலா என்றாள். கொட்டி மிஞ்சியதை, அதே காகிதத்தில் என்றேன். அது எதிலும் கலக்காதது. ஷாமினி எழுந்துவிட்டாள்.

4

சரோஜா அக்கா போனை எடுக்கவில்லை. பண்டார் பாரு கெடாவின் தென்கோடி, வெகுதூரம். வீட்டுக்காரர் காரை, இங்கே காடி என்பார்கள், ஓட்டினார். முழு வழியும் நான் கற்பனை செய்துகொண்டே போனேன். அக்கா வழியில் எந்தக் கோயிலைப் பார்த்தாலும் வண்டியை நிறுத்தச் சொல்கிறவர். யாராவது நல்ல விபூதி என்று கேட்டால் பொட்டலத்தோடு தூக்கிக் கொடுத்துவிடுவார். கைப்பையைத் திறந்து வைத்துக்கொண்டு காற்றாடிக்கு அடியில் உட்காருவார். ஷாமினி பின் இருக்கையில் ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தாள். என்னைத் திட்டிவிடு என்று சொல்லலாமா என்று இரண்டு தடவை வாய்வரை வந்தது.

போய்ச் சேர்ந்தபோது அக்கா சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் படுத்திருந்தார். போன் கைப்பைக்குள் சத்தமில்லாமல் கிடந்தது. விஷயத்தைச் சொன்னதும் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"குடுத்த விபூதியத் திரும்பக் கேட்டு காடி எடுத்துட்டு வந்த ஆளுங்கள இப்பத்தான்லா பாக்குறேன்."

"அத்தை, அது விபூதி இல்ல. உமி."

"உமியா? சாமி முன்னாடி நிக்க வச்சி என் நெத்தியில உமியப் பூசுனாளா ஒங்கம்மா?"

ஷாமினி என்னவோ விளக்க ஆரம்பித்தாள். பாதியில் தமிழ் தீர்ந்துவிட்டது. அக்காவின் கையைப் பிடித்துக் குளியலறைக்கு அழைத்துப் போனாள். அங்கே ஜன்னல் இல்லை. கண்ணாடி உண்டு. கதவைச் சாத்திக்கொண்டார்கள். நானும் வீட்டுக்காரரும் வெளியே நின்றோம். உள்ளே அக்காவின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது, திட்டுகிற குரல்தான். திடீரென்று நின்றுவிட்டது.

கதவு திறந்தது. அக்கா வெளியே வந்து, தானே ஜிப்பை இழுத்துப் பொட்டலத்தை எடுத்து, இரண்டு கையாலும் ஷாமினியிடம் கொடுத்தார். மடிப்பு கலையவில்லை.

"இது கழுவுனா போயிடுமா?" என்று நெற்றியைக் காட்டிக் கேட்டார்.

"ஈரத்துணியால தொடச்சா போயிடும் அத்தை."

"அப்ப சாயங்காலமா தொடச்சிக்கிறேன்."

5

மறுநாள் வீட்டுக்காரருக்கு ஷிப்ட். தொழிற்சாலையில் பாரந்தூக்கி ஓட்டுகிறவர், முன்கூட்டிச் சொல்லாமல் லீவு போட முடியாது. நான்தான் ஷாமினியோடு கூலிமுக்குப் போனேன். அவள் ஓட்டினாள். என் மடியில் இரண்டு சின்ன பாட்டில்கள்: ஒன்றில் அக்காவிடமிருந்து மீட்டது, சுண்டுவிரல் நகம் மூடுகிற அளவு, மற்றதில் கிண்ணத்திலிருந்து சுரண்டியது, நிறைய. இரண்டையும் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டதில் மூக்கு அரித்தபோது சொறியக்கூட இல்லை.

ஆய்வகத்தில் ஒரு மலாய்த் தம்பி கருவிக்குப் பொறுப்பு. வெள்ளைக் கோட்டு, மெல்லிய குரல். என்னையும் உள்ளே விட்டார். கருவியின் நடுவே ஓர் உருண்டை, தேங்காய் அளவு. இரண்டாகப் பிளந்து திறந்தது. உள்ளே எங்கு பார்த்தாலும் வெள்ளை. மூலை இல்லை, நிழல் இல்லை. எட்டிப் பார்த்தபோது கண்ணுக்குப் பிடிமானமே கிடைக்கவில்லை. உள்ளே விழுந்துவிடுவோம்போல் இருந்தது. தூளிலிருந்து எந்தப் பக்கம் வெளிச்சம் போனாலும் அந்த வெள்ளை அதைத் தப்பவிடாமல் சேர்த்துக்கொள்ளும், அப்போதுதான் ஒரு சொட்டு விடாமல் அளக்கலாம் என்று ஷாமினி சொன்னாள். வெளிச்சத்தைச் சிந்தாமல் அளக்க ஒரு பாத்திரம். மனிதர்கள் இப்படியெல்லாம் யோசித்துச் செய்துவைத்திருக்கிறார்கள்.

தம்பி பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகம் சுருங்கியது. தூளை வைத்து அளக்கிற தட்டின் அடி மூடுகிற அளவு வேண்டுமாம். என் தப்பு திரும்பி வந்து முன்னால் நின்றது. நான் ஷாமினியின் காதோரம் குனிந்தேன்.

"இந்தக் கிண்ணத்துத் தூளக் கொஞ்சம் சேத்துக்க கண்ணு. யாருக்குத் தெரியப் போகுது?"

"மெஷினுக்குத் தெரியும் மா."

கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தம்பி அலமாரியைத் திறந்து எதையெதையோ நகர்த்தி, சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கண்ணாடித் தட்டைத் தேடி எடுத்தார். தூளை அதில் தட்டினார். மூச்சுவிடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, நான் விடவில்லை. மெல்லச் சமப்படுத்திவிட்டுச் சொன்னார்: "சிக்கிட். தாப்பி சுக்கூப்."

கொஞ்சம்தான், ஆனால் போதும் என்று அர்த்தம். இருபத்தேழு வருடத்தில் நான் கேட்ட மலாய் வார்த்தைகளில் எனக்கு உடனே, முழுதாகப் புரிந்தது இதுதான்.

உருண்டையை மூடினார். திரையில் ஒரு கோடு தரையோடு ஊர்ந்து வந்தது. பிறகு ஓரிடத்தில் எழும்ப ஆரம்பித்து, எழும்பி, எழும்பி, திரையின் மேல் விளிம்பைத் தொட்டுவிட்டது. தம்பி அளவை மாற்றி மறுபடி காட்டினார். ஷாமினி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அந்தக் கோட்டைப் பார்த்தேன். யானில் யாரோ ஒருவருடைய வயலில் விளைந்த நெல்லின் தோல் அது. முந்தின நாள் என் விரலில் இருந்தது, சரோஜா அக்காவின் பைக்குள் பண்டார் பாரு வரைக்கும் போய் வந்தது. இப்போது ஒரு மூடிய உருண்டைக்குள் யாரும் பார்க்காமல் ஒளிர்ந்துகொண்டிருந்தது.

6

அறிக்கை அந்த வாரமே போனது. உதவித்தொகை இன்னும் ஆறு மாதத்துக்கு நீட்டிக்கப்பட்டிருக்கிறது. முழு வருடத்துக்கு இல்லை. ஒரு தடவை வந்தது கணக்கில் சேராதாம். அதே மாதிரி மூன்று தடவை வர வேண்டும், இன்னொருவர் செய்தாலும் வர வேண்டும். வராவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். ஏன் வரவில்லை என்று கண்டுபிடித்து எழுத வேண்டும் என்றாள். அதற்குத் திட்டமாட்டார்களா என்றேன். அதற்குத்தான் மா சம்பளம் என்றாள்.

போன சனிக்கிழமை யானுக்குப் போய் அவள் அள்ளிப் போட, நான் சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டேன். உமியை அவ்வளவு மரியாதையாக நான் பிடித்ததில்லை. ஆலைக்காரர் எங்களைப் பார்த்து என்ன நினைத்தாரோ, இரண்டாவது சாக்கும் கொடுத்தார்.

நேற்று ஷாமினி வந்து ஓர் இரவு தங்கிவிட்டு, இன்று விடியற்காலையில் நான் எழுவதற்குள் போய்விட்டாள். விளக்கேற்றப் போனேன். முருகன் படத்துக்கு முன்னால், வெற்றிலை மேல், திருகுமூடி போட்ட ஒரு கண்ணாடிப் பாட்டில். உள்ளே வெள்ளைத் தூள். மேலே ஒட்டிய சீட்டில் கறுப்பு மையால், ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக நிறுத்தி எழுதியிருந்தாள்: 'இது திருநிறு இல்ல. அம்மா, தொடாதிங்க. ரெண்டாவது தடவ வந்திருச்சி.'

அவள் படித்தது மலாய்ப் பள்ளியில். எனக்கென்று அவள் தமிழில் எழுதிய முதல் வரி இதுதான். நீறு நிறு ஆகிவிட்டது. சாம்பல் என்று எழுத வந்தவள் எடை போடு என்று எழுதியிருக்கிறாள். அவள் வேலைக்கு அதுவும் பொருத்தம்தான். நான் திருத்தவில்லை. பாட்டிலுக்குச் சூடு படாதபடி விளக்கை மட்டும் ஒரு சாண் தள்ளி வைத்தேன்.